அவசரக்காரக் கரடி

எங்கள் பேராசிரியர் நல்லவர்தான். ஆனால் தலையில் இடி விழுகிற சேதியைக்கூடச் சிரித்த முகத்தோடு சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு.

"கரடியை விட்ருங்கம்மா. வேற தலைப்பு தர்றேன். குழந்தைங்க அதுகூட பேசல. அவ்வளவுதான்."

கரடி என்பது பொம்மை. பேசப் பழகும் வயதில் இருக்கும் குழந்தையிடம் கேள்வி கேட்கும். பதிலைக் கேட்டு, அதிலிருந்தே அடுத்த கேள்வியைப் போடும். அதோடு பேசப் பேசக் குழந்தையின் பேச்சு வளருமா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கேள்விகளெல்லாம் என்னுடையவை. கரடியின் வயிற்றுக்குள் இருக்கும் சங்கதி முழுக்க என் கூட்டாளி சர்க்யூட்டின் கைவேலை. அவனுக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஆய்வகத்தில் யாருக்கும் அது ஞாபகமில்லை. இரண்டு பேரும் மாடாய் உழைத்து, கரடியைப் பல்கலைக்கழக வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனோம். குழந்தைகள் அதைக் கட்டிப்பிடித்தார்கள், காதைக் கடித்தார்கள், மூக்கைப் பிடுங்கப் பார்த்தார்கள். பேச மட்டும் மாட்டேன் என்றார்கள்.

"ஆய்வுக் குழு கூடும்போது குழந்தை பேசுறதைக் காட்டுறேன் சார்" என்றேன்.

"பேசலைன்னா?"

"நீங்க சொல்ற தலைப்பை எடுத்துக்கிறேன்."

அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று உறைத்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாக்கும் அதே வேகத்தில் வந்துவிடும். கரடி போனால் என் இத்தனை வருட உழைப்பும் அதோடு போய்விடும். அதற்காக விட்டுவிட முடியுமா? முடியாது.

காப்பகத்தில் எடுத்த காணொளிகளை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். கரடியின் குரலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எரிச்சலில் ஒலியை அணைத்துவிட்டு, குழந்தைகளின் முகத்தை மட்டும் கவனித்தேன். எதைக் கண்டாலும் தூக்கிக்கொண்டு போகிறவள் என்பதால் எறும்பு என்று நாங்கள் பெயர் வைத்திருந்த மூன்று வயதுக்காரி திரையில் இருந்தாள். கரடி கேட்டு முடிக்கிறது. எறும்பு கூரையைப் பார்க்கிறாள். சட்டை நுனியைச் சுருட்டுகிறாள். வாயைத் திறக்கிறாள். அதற்குள் கரடியின் வாய் அசைகிறது. எறும்பு வாயை மூடிக்கொள்கிறாள். அடுத்த குழந்தை, அதே கதை. அதற்கடுத்த குழந்தையும் அப்படியே.

"சர்க்யூட், பதிலுக்கு எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு எதை வெச்சு முடிவு பண்ணோம்?"

"நம்ம லேப்ல எல்லாரையும் அதுகூட பேச வெச்சுத்தானே?"

எல்லாரும் என்றால் யார்? கேள்வி முடியும் முன்பே பதிலைத் தூக்கி வீசுகிற ஆராய்ச்சி மாணவர்கள். குழந்தை வளர்ச்சியைக் கரைத்துக் குடித்த நாங்கள், குழந்தைக்கான பொம்மையை எங்களையே வைத்து அளவெடுத்திருக்கிறோம்! தலையில் அடித்துக்கொண்டேன். சர்க்யூட் தலையிலும் ஒன்று போட்டேன்.

காத்திருக்கும் நேரத்தை நீட்டினோம். அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இப்படி சும்மா இருந்தா கரடி செத்துப்போச்சுன்னு நெனைக்கப் போறாங்க."

"காதை ஆட்ட வை. கேட்டுக்கிட்டுதான் இருக்குன்னு புரியும்."

"நம்மளாலயே தாங்க முடியலயே இந்த அமைதி!"

"நமக்கா செய்யிறோம்?"

காப்பகம் விடுமுறையில் இருந்தது. வெள்ளோட்டம் பார்க்க வழியில்லை. குழு கூடிய அன்றுதான் எறும்பை அவள் அம்மா அழைத்து வந்தாள். ஒரு பக்கம் பேராசிரியர், பக்கத்தில் வெளியிலிருந்து வந்த குழந்தை மருத்துவர். எறும்பு தரைவிரிப்பில் கரடிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் ஒளிஞ்சிக்கணும். எங்க ஒளியட்டும்?" என்றது கரடி.

எறும்பு கூரையைப் பார்த்தாள். கரடி காதை ஆட்டியது. எறும்பின் அம்மா வாயெடுத்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். சர்க்யூட் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். சொல்லித் தொலையேண்டி என்று எனக்கே நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பேராசிரியர்தான் தாங்க முடியாமல் குனிந்து, அவள் காதோரம் கிசுகிசுத்தார்.

"மேஜைக்கு அடியிலன்னு சொல்லும்மா..."

எறும்பு அவர் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். கரடிக்குக் கேட்டுவிடக் கூடாது என்றோ என்னவோ, அவளும் ரகசியமாகத்தான் சொன்னாள்.

"உஸ்ஸ்! இருங்க தாத்தா. யோசிக்கிறேன்ல?"

பேராசிரியர் சட்டென்று நிமிர்ந்துகொண்டார். கரடி மறுபடி காதை ஆட்டியது. எறும்பு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள், எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள், பிறகு கரடியின் முகத்தருகே போனாள்.

"இங்க வேணாம். எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்காங்க. எங்கம்மா பைக்குள்ள வா. நான் மூடிக்கிறேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"தலைப்பை மாத்த வேணாம்" என்றார் பேராசிரியர்.

"தேங்க்ஸ் சார்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

எறும்பு திரும்பி எங்கள் இருவரையும் முறைத்தாள். கரடி அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தது. அவள் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.