இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி

பள்ளிவாசலில் பக்கீர் மோதினார் ஒலிவாங்கியை நிப்றாஸின் பக்கம் நீட்டியபடியே நின்றார்.

“நீயே சொல்லு மகன். ஊருக்கே தெரிஞ்ச குரல். நீ சொன்னா சனம் காது குடுக்கும்.”

“இல்ல, நீங்களே சொல்லுங்க.”

“வாப்பாட ஜனாஸாவ மகன் அறிவிச்சா நல்லந்தானே?”

நிப்றாஸ் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். மோதினார் மேலும் வற்புறுத்தவில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தை மேசையில் விரித்து, பேனையைத் திறந்தார்.

“எத்தின மணிக்கு மௌத்தான?”

“பத்து ஐம்பத்திரெண்டு.”

“நீ கிட்ட நிண்டயா?”

“இல்ல. மெட்ச்சில.”

“ஓம், ஓம். நானும் போன்ல பாத்த நான். அல்லாவே, என்ன மெட்ச்! கடைசிப் பந்து வளையத்தில சுத்திச் சுத்தி உள்ளுக்கு விழக்குள்ள நீ கத்தின கத்து இரிக்கே…” என்றவர், பேனையைப் பார்த்து நிறுத்தினார். “மன்னிச்சிக்க மகன். வாய் தவறிப் பெய்த்து.”

“பரவால்ல.”

அந்தக் கத்தல் பத்து ஐம்பத்தெட்டுக்கு. நிப்றாஸ் அதை எத்தனையோ தடவை கணக்கிட்டுப் பார்த்துவிட்டான். வாப்பா இறந்து ஆறு நிமிடம் கழித்து, அவன் கதிரையிலிருந்து துள்ளி எழுந்து கத்தியிருந்தான்.

ஒலிபெருக்கி இரைந்தது. கடற்கரை வீதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பஸ் சாரதி அச்சிமுகம்மது அவர்கள் காலமானார்கள், ஜனாஸா இன்று அஸர் தொழுகையின் பின் நல்லடக்கம் செய்யப்படும் என்று மோதினார் இரண்டு தரம் சொன்னார். நிப்றாஸ் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினான்.

வாப்பா இருந்தது மகள் வீட்டில். இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு தங்கை சிபானாவுக்குச் சீதனமாகப் போனது. நிப்றாஸ் கல்யாணம் முடித்து நற்பிட்டிமுனையில் மனைவி வீட்டுக்குப் போனான். உம்மா போனபின் வாப்பாவுக்குச் சோறும் மருந்தும் கொடுத்தது சிபானாதான். அவள் புருசன் கத்தாரில். வாப்பாவுக்கு மூச்சு வாங்கும் நேரமெல்லாம் அவள் தன் காக்கா நிப்றாஸுக்கு அழைப்பாள். காக்கா மோட்டார் சைக்கிளில் பறந்து வருவான். இந்த வருடத்தில் நாலு தரம் அப்படி வந்தான். நாலு தரமும் அவன் வாசலுக்கு வரும்போது வாப்பா எழுந்திருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“உன்னக் காணோணும்போல இரிந்த. வேற ஒண்டுமில்ல” என்பார்.

நிப்றாஸுக்குக் கடைத்தெருவில் கைத்தொலைபேசி திருத்தும் கடை. அவனும் பாண்டிருப்பு மதுஷனும் சேர்ந்து முகநூலில் நடத்தும் பக்கத்தில், பள்ளிக்கூட விளையாட்டுகள் நேரடியாகப் போகும். மதுஷன் படம் பிடிப்பான், நிப்றாஸ் வர்ணனை. அந்தப் பக்கம் பிரபலமானதற்கு ஒரே காரணம், பார்ப்பவர்கள் எழுதுவதை அவன் வாசித்துவிடுவான். தோஹாவிலிருந்து ஜெமீல், ரியாதிலிருந்து இன்னொருவர், கொரியாவில் இரவு வேலை முடித்துவந்த பையன். ஊர்ப் பெயரோடு தன் பெயரும் காற்றில் வருவதைக் கேட்க அத்தனை பேரும் காத்திருப்பார்கள். வாப்பாவும் விடமாட்டார். சிபானாவின் தொலைபேசியில் அவளைக் கொண்டே எழுதுவிப்பார். நிப்றாஸ் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் வாசிப்பான்: “நம்மட சிபானா, கடற்கரை வீதி. அப்ப வாப்பா பாத்துட்டிருக்காரு. கவனமாக் கதைக்கோணும்.”

வாப்பாவுக்குக் கூடைப்பந்து விளங்காது. “அதென்னடா, ஒருக்கா ரெண்டு எண்டுறாய், ஒருக்கா மூணு எண்டுறாய்? டிக்கட் காசு மாதிரி தூரத்துக்குத் தூரம் கூடுதோ?” என்று கேட்டார். அடுத்த ஆட்டத்தில் நிப்றாஸ் வாப்பாவுக்காகவே கோட்டுக் கணக்கை விளக்கினான். அதன்பிறகு தூரத்திலிருந்து பந்து விழும்போதெல்லாம் வாப்பா தலையணையில் தட்டி, “இது லோங் டிக்கட்!” என்பாராம்.

இன்று காலை இறுதியாட்டம். நம் ஊர்ப் பள்ளிக்கூடமும் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடமும். இரண்டுக்கும் இருபது வருடப் போட்டி. அழைப்பு வந்தால் ஒளிபரப்பு அறுந்துவிடும் என்பதால் இருவரும் தங்கள் தொலைபேசிகளில் அழைப்பை நிறுத்திவைத்து, ரவுட்டரில் ஓடவிட்டிருந்தார்கள். மூவாயிரத்து நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்பு வந்ததேயில்லை. முடிய இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி. நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு. நாம் ஒரு புள்ளி பின்னே.

முன்னால் இருந்த டெப்லட்டில் சிபானாவின் பெயர் ஏறியது. அவன் வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது.

“நம்மட சிபானா…”

பிறகுதான் கண் மற்ற வரிகளுக்கு இறங்கியது. காக்கா, வாப்பாக்கு மூச்சு வாங்கிது. உன்னக் கேக்கிறாரு. கெதியா வா.

அவன் பேச்சு நின்றது. மதுஷனும் பார்த்துவிட்டான், திரையில் விரலை வைத்து அவனைத் திரும்பிப் பார்த்தான். நிப்றாஸ் உள்ளங்கையை உயர்த்தி, ‘பொறு’ என்று காட்டினான். பிறகு, “பந்து நம்மட பக்கம் வருது” என்று தொடர்ந்தான்.

இரண்டு நிமிடந்தானே என்று நினைத்தான். கூடைப்பந்தில் இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தத் திடலில் இல்லை. தவறு, தண்ட எறிதல், இடைவேளைக்கு அழைப்பு, மறுபடி தவறு. பதினொரு நிமிடம் ஓடி, ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்திரண்டில் மணி அடித்தது. மேலதிகமாக ஐந்து நிமிடம் என்று நடுவர் கையை விரித்துக் காட்டினார்.

“நீ போடா” என்றான் மதுஷன். “நான் எதயாவது கதைச்சுக்கிறன்.”

“அஞ்சு நிமிசந்தானே மச்சான்.”

வீடு அங்கிருந்து ஏழு நிமிடம்.

குளிப்பாட்டும்போது வாப்பாவின் கால்கள் மெலிந்து நீண்டிருந்தன. வலது காலின் பெருவிரலடியில் முப்பது வருடம் பஸ்ஸின் மிதியை அழுத்திய காய்ப்பு. நிப்றாஸ் கற்பூரம் கலந்த தண்ணீரை வலப்பக்கமிருந்து ஊற்றினான். அருகில் நின்றவர்கள் மெதுவாக ஊற்றச் சொன்னார்கள். அவன் ஏற்கனவே மெதுவாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தான்.

கபன் துணி சுற்றியபின் பெண்கள் வந்து பார்த்தார்கள். அறையின் மூலையில் யாரோ சிபானாவிடம், “காக்காக்குச் சொல்லல்லயா மகள்?” என்று கேட்டது அவன் காதில் விழுந்தது.

“கோல் எடுத்துப் பாத்த நான், போகல்ல. மெட்ச்சுக்குக் கீழ எழுதியும் விட்ட நான். ஆயிரம் பேர் எழுதுற இடத்தில காக்கா எப்படிக் காணுற? அவரச் சொல்லிக் குத்தமில்ல.”

பிறகு அவனிடம் வந்தாள். அழுது முடித்த முகம். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“காக்கா, ஒண்டு சொல்லோணும். எழுதிப் போட்டு, மெட்ச் ஓடிட்டிருந்த போனை வாப்பாட தலமாட்டுல வெச்சிட்டு நான் ஓட்டோ பிடிக்க ஓடின. வந்து பாத்தா வாப்பா சிரிக்காரு. ‘நிப்றாஸ் வாசிச்சிட்டான், வாறான்’ எண்டு சொல்றாரு.”

நிப்றாஸ் நனைந்திருந்த சட்டைக் கையை மடித்துவிட்டான்.

“ஓட்டோ வாசலுக்கு வந்து நிண்ட. ஏற மாட்டன் எண்டுட்டார். ‘அவன் வாறான், அவனோட ஆஸ்பத்திரிக்குப் போவம்’ எண்டு ஒரே புடி. நானும் ஓட்டோக்காரரும் கெஞ்சின. மனுசன் கட்டில் சட்டத்தப் புடிச்ச கைய விடல்ல.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “மூச்சு இல்லாம மூள கலங்கியிருக்கும், என்ன காக்கா? என்னத்தையோ கேட்டு, நீ வாசிச்ச எண்டு நெனச்சிட்டார், பாவம்.”

“சந்தூக்கு வந்திரிச்சி” என்று ஜனாஸாவைத் தூக்கிச் செல்லும் பெட்டியோடு வந்தவர்கள் வெளியே கூப்பிட்டார்கள். அவன் போனான்.

மையவாடியில் மூன்று பிடி மண் போட்டு, துஆ முடிந்து, ஆட்கள் ஸலாம் சொல்லிக் கலைந்தார்கள். மதுஷன் வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான். காலையில் போட்டிருந்த அதே சட்டை.

“மச்சான்” என்றான். சிறிது நேரம் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். “அந்த வீடியோ இன்னும் பேஜ்ல கிடக்கு. அறுபதாயிரம் பேர் பாத்திட்டாங்க. எடுத்துரட்டா? ரவுட்டர் பழுதாப் போச்சு எண்டு நான் ஒரு கதை போட்டுவிடுறன்.”

நிப்றாஸ் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்தான்.

“எனக்கும் உனக்குந்தான் தெரியும்” என்றான் மதுஷன். “நான் ஆரிட்டயும் கதைக்க மாட்டன்.”

“தெரியும்டா.”

“அப்ப எடுக்கிறன்.”

கடற்காற்றில் மையவாடியின் கிடுகு வேலி சரசரத்தது. நிப்றாஸ் திரும்பி, இன்னும் ஈரமாக இருந்த மண்மேட்டைப் பார்த்தான். தலைப்பக்கம் நட்ட பலகை சற்றுச் சாய்ந்திருந்தது.

“வேணாம். கிடக்கட்டும்.”

“டேய், சிபானா பாத்தா?”

“கிடக்கட்டும் மச்சான்.”

வீட்டில் ஆண்கள் வாசலில் கதிரைகளில் இருந்தார்கள். தேத்தண்ணீர் வந்தது. நிப்றாஸ் குடிக்காமல் எழுந்து உள்ளே போனான். வாப்பாவின் கட்டிலில் இருந்து மெத்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் சட்டத்தின் ஓரத்தில் சிபானா உட்கார்ந்திருந்தாள். கையில் தொலைபேசி.

“வா காக்கா, இரி. வாப்பா கடைசியாக் கேட்ட குரல் உன்ரதானே. ஒருக்காக் கேக்கணும்போல இரிக்கி.” பிறகு கேட்டாள்: “ஆர் வெண்ட?”

“நாம. ஒரு புள்ளியால.”

“வாப்பாக்கு அது தெரியாமப் பெய்த்தே.”

வாசலில் இருந்தவர்கள் அவனைத் தேடிக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. எதிரே சுவரோரம், தரையில் உட்கார்ந்தான்.

அவள் விரலால் தள்ளித் தள்ளி ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தாள். கூட்டத்தின் இரைச்சல் அறையை நிறைத்தது. அதன் மேல் அவனுடைய குரல், உற்சாகமாக, ஜெமீலுக்கு ஸலாம் சொன்னது, புள்ளிக் கணக்கைச் சொன்னது, இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி என்றது.

“நம்மட சிபானா…”

குரல் நின்றது. பந்து தரையில் அடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு, “பந்து நம்மட பக்கம் வருது” என்றது குரல்.

சிபானா தலையை நிமிர்த்தவில்லை. பெருவிரலைத் திரையில் வைத்து, வீடியோவைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தாள்.

“நம்மட சிபானா…”

பந்து தரையில் அடிபட்டது.