மிச்சத் தீனி

முனிலட்சுமிக்கு இன்றைக்கு ஒன்றுமே புரியவில்லை. ஓசூர் சிப்காட் பக்கம் மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி ஒன்றில் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். தினமும் கூண்டில் மிஞ்சிய தீனியை நிறுத்து எழுத வேண்டும். நாலு வருடத்தில் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: நன்றாகத் தின்கிற எலிக்கு ஒன்றும் ஆகாது.

அந்த முடிவை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனதுதான் வினை. புருஷன் கங்கப்பன் மாங்காய் லோடு ஏற்றுகிறவன். புகையிலை அடக்கி அடக்கி வாயில் ஆறாத புண், கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. புற்றா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. இவளோ அவன் தட்டில் களி மிஞ்சுகிறதா என்று பார்ப்பாள். எலிக்குச் செய்கிற மாதிரியே மோவாயைத் தூக்கிக் கழுத்தைத் தடவுவாள். களி மிஞ்சவில்லை, கட்டியும் சுருங்கிவிட்டது. சீசன் முடியட்டும் என்று அவன் சொன்னபோது இவளும் தலையாட்டினாள். என்ன புத்தியோ!

கம்பெனியில் வாய்ப் புற்றுநோய் உள்ள எலிகள் இரண்டு வரிசை. ஆராய்ச்சி செய்கிற சரிதாவிடம் இன்று கேட்டாள்.

"கழுத்துல கட்டி இருக்கற மொத வரிசைக்குத்தானே மேடம் நோய் பரவியிருக்கு?"

"இல்லக்கா. அதுங்களுக்கு வாயோட நிக்குது. நோயை எதிர்க்கற அணுக்கள் கழுத்துல கூடினதுல வந்த வீக்கம் அது. ரெண்டாவது வரிசைக்குத்தான் நுரையீரல் வரைக்கும் போயிடுச்சு. அங்க எதிர்ப்பே அடங்கிப்போச்சு."

"ரெண்டாவது வரிசை தீனியே மிச்சம் வெக்கலியே. கழுத்துலயும் ஒண்ணுமில்லியே."

"ஆமாக்கா."

அப்படியானால் கட்டி நல்லதா, கெட்டதா? அவனுக்குச் சுருங்கியது ஆறியதாலா, எதிர்ப்பு அடங்கியதாலா? பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எலி வேற, மனுசன் வேறக்கா. தடவிப் பாத்து என்னாலயும் சொல்ல முடியாது. சதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள் சரிதா.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கங்கப்பன் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தான்.

"இன்னா மே, சீக்கிரமா வந்துட்ட? பாரு, துளி களி மிச்சமில்ல." தட்டைச் சாய்த்துக் காட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் மோவாயைத் தானே தூக்கிக் கொடுத்தான்.

நேற்றுவரை அந்த வெறுந்தட்டைப் பார்த்துத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். இன்று தட்டை வாங்கி ஒதுக்கி வைத்தாள். கழுத்துக்குப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"சட்டையை மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"கட்டிதான் போயிடுச்சே."

"அதுக்குத்தான்" என்றாள்.