சின்னத்துரை மறைத்த கடிதம்

1

இந்தக் கதை நான் திட்டு வாங்கியதில் பிறந்தது. லண்டனுக்கு வெகு வடக்கே, எங்கள் மலைநாட்டுத் தேவாலயச் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு: ‘மேஜர் நார்மன் ராட்ரே, விக்டோரியா சிலுவை பெற்றவர், தன் வீரர்களுக்குத் தந்தை.’ நல்ல வரி என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊர்க்காரி இஸ்பெல் சீறினாள்.

“தந்தையாம்! இந்தப் பள்ளத்தாக்குலேர்ந்து பத்தொம்பது பேரைச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவங்க அந்தப் பக்கம் போனதும் கூரையைக் கொளுத்தினது யாரு? அவரோட அண்ணன்தானே? எழுதுறதுன்னா அதையும் எழுது.”

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதிக்கு நான் பொறுப்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பீரங்கிப் புகையின் நடுவே வாளை உயர்த்தியபடி ராட்ரே—’

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் அவரை இப்போதே மன்னித்துவிடுவீர்கள்.)

1854, வசந்தகாலம். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களிடம் கேப்டன் ராட்ரே ரஷ்யாவோடு போரிடும் படைக்கு ஆள் கேட்டார். நிலமெல்லாம் அவருடைய அண்ணன் கெனத்துடையது. அதனால் இவர் ஊருக்குச் சின்னத்துரை. யாரும் அசையவில்லை. மோராக்கின் மகன் யூவன் மட்டும் வாயைத் திறந்தான்.

“நாங்க போனப்புறம் எங்க வீட்டுல ஆடு குடியேறிடாதே, சின்னத்துரை?”

சிரிப்பு எழுந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஆட்டுப் பண்ணைக்காகக் குடிகளை விரட்டியிருந்தார்கள்.

“நீங்க திரும்பி வர்ற வரைக்கும் ஒரு அடுப்பும் அணையாது. இது என் வாக்கு,” என்றார் ராட்ரே.

பத்தொன்பது பேர் கிளம்பினார்கள்.

3

ரஷ்யர்களின் செவஸ்தபோல் கோட்டைக்கு எதிரே, பதுங்குகுழியில் இருந்தபோது அண்ணனின் கடிதம் வந்தது. பள்ளத்தாக்கை ஆட்டுப் பண்ணைக்கு விட்டாயிற்று, குடிகளை வெளியேற்றியாயிற்று, சிலர் கனடா கப்பலில், மற்றவர்கள் கடற்கரையில்.

(இந்தக் கடிதத்தைத் தாமதமாக வரவழைத்து மூன்று முறை எழுதிப்பார்த்தேன். அப்போது ராட்ரே குற்றமற்றவர் ஆகிவிடுகிறார். பிறகு நான் எதற்கு எழுத வேண்டும்?)

யூவன் கல் போன்ற பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். “இதைப் பீரங்கில போட்டுச் சுட்டா ரஷ்யாக்காரன் நாளைக்கே சரணடைஞ்சிடுவான். ஊர்லேர்ந்து கடுதாசியா, சின்னத்துரை?”

“ஆமா.”

“எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

மறுநாள் தாக்குதல். இவர்களுக்குத் தெரிந்தால் ஒருவன்கூட எழுந்து எதிரியை நோக்கி ஓடமாட்டான்.

“நல்லா இருக்காங்களாம்,” என்றார்.

மறுநாள் குண்டு மழையில் இரண்டு முறை திரும்பிப் போய், காயம்பட்ட இருவரைத் தோளில் தூக்கி வந்தார். அந்தத் துணிச்சலில் பொய்யில்லை. அதை நான் குறைக்க மாட்டேன். இரண்டாம் முறை, யாரும் கூப்பிடாமலேயே யூவன் அவர் பின்னால் ஓடினான். அவன் திரும்பவில்லை. ரஷ்யத் துப்பாக்கிகளுக்கு முன் நிமிர்ந்து நின்றவர், அண்ணனுக்கு ஒரு வரி மறுப்பு எழுதவில்லை.

4

1857இல் லண்டனில் அவர் மார்பில் விக்டோரியா சிலுவைப் பதக்கத்தைக் குத்தினார்கள். ஊர் திரும்பினார். பள்ளத்தாக்கில் ஆடுகளின் சத்தம் மட்டும்தான். கடற்கரையில், கவிழ்த்த படகொன்றின் கீழ் யூவனின் அம்மா மோராக் குடியிருந்தாள். கடற்பாசி அள்ளி அள்ளி அவள் கைகள் வெடித்திருந்தன.

“குனிஞ்சு வாங்க, சின்னத்துரை. என் மாளிகைக்கு வாசல் கொஞ்சம் சின்னது.”

ஓட்ஸ் கஞ்சியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வீடு போன சேதி சாகறதுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் இளகியது. “நல்ல வேளை. அம்மா வீட்டுல இருக்கான்னு நெனச்சே போயிருக்கான். கடவுள்தான் அந்தச் சேதியை அங்க வரவிடாம பண்ணிட்டாரு. நீங்க நல்லா இருக்கணும், சின்னத்துரை.”

5

இங்கே என் பேனா நின்று இரண்டு வருடமாகிறது.

ஒரு முடிவு: அவர் உண்மையைச் சொல்கிறார். அவர் பாரம் இறங்குகிறது. அவளிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதலும் போகிறது. இன்னொரு முடிவு: வாழ்த்தை வாங்கிக்கொண்டு நடக்கிறார்; முப்பது வருடம் கழித்துக் கல்வெட்டாகிறார். இஸ்பெல்லிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். “மோராக் பாவம்யா,” என்றாள். எது வேண்டும் என்று சொல்லவில்லை.

என்னாலும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. எழுத முடிந்தது இவ்வளவுதான்: ராட்ரே எழுந்தார். அவள் அண்ணாந்து பார்த்து, “ஏதோ சொல்ல வந்தீங்களே?” என்றாள்.

நீங்கள் அவர் இடத்தில் நில்லுங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.