ஆபா பார்க்காத ஆட்டம்

ஐந்தாவது விக்கெட் விழுந்தபோது, ஆபா என்று நான் கூப்பிடும் என் அக்கா தேநீர்த் தட்டோடு அறைக்குள் வந்துகொண்டிருந்தாள். அறுபத்திரண்டு ரன்னுக்கு ஐந்து. நூற்றுத் தொண்ணூறு எடுத்தால் அரையிறுதி. நான்காவது விழுந்தபோதும் பக்கோடாத் தட்டோடு அவள்தான் வாசலில் நின்றாள். என் அலுவலக நண்பன் இக்ரார் சோபாவில் சாய்ந்து சிரித்தான்.

"முதஸ்ஸிர், உங்க ஆபா வர்றதும் விக்கெட் போறதும் சரியா இருக்கே!"

அதைச் சிரித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து எங்கள் ஆட்டக்காரர்கள் மீது கட்டி வைத்த கோபம் எல்லாம் எனக்கு எட்டும் தூரத்தில் நின்றவள்மேல் போய் விழுந்தது.

"வெளிய போ ஆபா. தரித்திரம்! நீ உள்ள வந்தாலே விழுது."

அந்தச் சொல் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல். ஆபாவின் கணவர் கடை எரிந்துபோன மறுவாரம், அதைச் சொல்லித்தான் மாமியார் அவளைப் பெட்டியோடு குஜ்ரான்வாலாவில் எங்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள். ஆறு வருடமாக நாங்கள் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். என் மனைவி சமீனா என்னைப் பார்த்தாள். ஆபா நான்கு கோப்பைகளிலும் தேநீரைச் சிந்தாமல் ஊற்றினாள், எனக்குச் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள், போய்விட்டாள்.

அதன்பிறகுதான் அது நடந்தது. எட்டாவதாக இறங்கியவன், மட்டையைப் பிடிக்கவே தெரியாதவன் என்று நாடே திட்டியவன், அடித்தான். நான்கு பந்து மிச்சம் வைத்து ஜெயித்தோம். தெருவில் டோல் மேளம் முழங்கியது, யாரோ என் வாயில் ஜிலேபியைத் திணித்தார்கள். இந்த அணி அப்படித்தான். கைவிட்டுவிடலாம் என்று நாம் முடிவு செய்த அதே நிமிடத்தில் வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்.

ஆபா முற்றத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சது யாரு?"

சொன்னேன்.

"அவனா? அவனுக்குக் கால் நகராதே. எந்தப் பக்கம் அடிச்சான்?"

எனக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள். மொட்டைமாடியில் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எனக்குப் பந்து வீசியவள். கையில் மட்டை இருப்பதுபோல் வைத்துக்கொண்டு கடைசி இரண்டு ஓவரையும் அவளுக்கு நடித்துக் காட்டினேன். அவள் பட்டாணியை மறந்து பார்த்தாள். அப்படி நடித்துக் காட்டியதே மன்னிப்புக் கேட்டதற்குச் சமம் என்று நினைத்துக்கொண்டேன்.

அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை. ஆபா கதவோரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு விக்கெட் சீக்கிரமே போனது. தரையில் படுத்திருந்த என் மகள் ஹானியா, ஏழு வயது, தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தாள்.

"புப்போ, நீங்க வெளிய போங்க. அப்பதான் ஜெயிப்போம்."

"ஹானியா!" என்று அதட்டினாள் சமீனா.

"அப்பாதானே அன்னைக்குச் சொன்னாரு?"

அறை முழுவதும் என்னைப் பார்த்தது. 'உட்காரு ஆபா' என்று இரண்டே சொல். வாய் வரை வந்தது. பந்து வீச்சாளன் ஓடி வந்துகொண்டிருந்தான். இந்த ஒரு பந்து போகட்டும் என்று காத்திருந்தேன். பந்து போவதற்குள் ஆபா எழுந்துவிட்டாள்.

"குழந்தை சரியாத்தான் சொல்லுது," என்று சிரித்தாள். ஹானியாவின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

உடனே ரன் மழையாகக் கொட்டியது. "பாத்தியா!" என்று இக்ரார் என் தொடையில் அடித்தான். நானும் சிரித்தேன். பிறகு, எவரும் எதிர்பார்க்காதபடி, அதாவது எப்போதும்போல, சரிந்தது. மூன்றுக்கு நூற்றுத் தொண்ணூறில் இருந்தவர்கள் எட்டு விக்கெட்டை இழந்து நின்றார்கள். இன்னும் முப்பத்தொரு ரன் வேண்டும்.

"அவங்களைக் கூட்டிட்டு வா," என்றான் இக்ரார். "மாத்திப் பாப்போம்."

நான் எழுந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று பின்னால் சமீனாவிடம் சொன்னேன். அது பொய். இக்ரார் சொன்னதற்காகத்தான் போனேன்.

முற்றத்தில் அவள் இல்லை. சமையலறையில் இல்லை. தெருவாசல் திறந்து கிடந்தது. தெருமுனைப் பால்கடையில் டிவியை உயரத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். முப்பது நாற்பது ஆண்கள் அண்ணாந்து நின்றார்கள். கடைக்காரர் தயிர்ச் சட்டிக்குள் கரண்டியை விட்டபடியே நின்றிருந்தார். அவர்களுக்கு எதிரே, கடைச் சுவரோரம், டிவிக்கு நேர் கீழே ஆபா நின்றாள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. துப்பட்டாவை வாயோரம் பிடித்தபடி அந்த ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் மூச்சை இழுத்தால் அவளும் இழுத்தாள். அவர்கள் கத்தியபோது அவள் உதடுகள் எண்ணிக்கொண்டன: நாலு.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"ஆபா, திரும்பிப் பாரு."

தலையை ஆட்டி மறுத்தாள். "வேண்டாம்டா. இன்னும் ரெண்டு விக்கெட் இருக்கு."

"நான் சொன்னது…"

"ஷ்ஷ். அப்புறம் பேசலாம். வீசப் போறானா?"

அவள் தலைக்கு மேலே திரையில் பந்து வீச்சாளன் திரும்பி ஓடத் தொடங்கினான். என்ன நடக்கப்போகிறது என்று ஆபா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.