சூசையம்மாவின் தமிழ்

ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்த நாளிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி வீட்டில் ஒரே பேச்சுத்தான். பிலோமினா கலை எடுப்பதா, விஞ்ஞானம் எடுப்பதா? அடுத்த ஏ.எல். வகுப்புக்கு எதை எடுக்கிறாளோ அதுதானே நாளைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டம் என்பதையும் முடிவு செய்யும். ஒரு தரம் எடுத்துவிட்டால் பிறகு மாற்றவும் முடியாது.

மற்றப் பிள்ளைகள் டொக்டர் ஆகணும், டீச்சர் ஆகணும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பிலோமினாவுக்கு அந்த ஆசை எதுவும் இல்லை. ஒரு மனுசிக்குள் இருந்த பாஷை எங்கே போய் ஒளிந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பினாள். அந்த மனுசி வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற சூசையம்மாதான்.

போன வருசம் ஜூலைக் கலவரம் தொடங்கிய அன்று, கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். முன் சீட்டில் சூசையம்மாவும் பிலோமினாவும். பின்னால் சூசையம்மாவின் கூடப்பிறந்த தம்பி அந்தோனி. வழியில் சிங்களக் காடையர்கள் பஸ்ஸை மறித்து, தமிழரைத் தேடித் தடியோடு ஏறினார்கள். சூசையம்மா தையல் கடையில் சிங்களப் பெண்களோடு இருந்து வளர்ந்தவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கண்டிச் சிங்களத்தி என்றுதான் நினைப்பீர்கள். மகளின் வாயைப் பொத்தி மடியில் சாய்த்துக்கொண்டு, என் மகளுக்குக் காய்ச்சல் என்று அவர்கள் பாஷையிலேயே சொன்னாள். விட்டுவிட்டார்கள்.

அந்தோனிக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறும். ஆனால் கெட்டிக்காரன். இரண்டு பாஷைக்கும் பொதுவான சொல்லாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தான். "அக்கா" என்று கூப்பிட்டான். சிங்களத்திலும் அக்கா அக்காதான். இவன் யார் என்று அவளைக் கேட்டார்கள். "மகே மல்லி", என் தம்பி, என்று அவள் சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பான். ஒருவேளைதான். அவனிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் மூன்று பேருமே அகப்பட்டிருப்பார்கள். சூசையம்மா மடியில் கிடந்த மகளைப் பார்த்தாள். பிறகு திரும்பாமலே, "மம தன்னே நே" என்றாள். எனக்குத் தெரியாது.

அந்தோனியை இறக்கிக்கொண்டு போனார்கள். அன்றோடு சூசையம்மா வாயிலிருந்து தமிழும் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். டொக்டர் அவள் தாடையைப் பிடித்துப் பார்த்தார், தலையைப் படம் எடுத்தார். மூளையில் ஒன்றுமில்லை, நாக்கிலும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். மகள் தமிழில் கேட்பாள், அம்மா சிங்களத்தில் பதில் சொல்லுவாள். வீட்டில் ஒரு வருசமாக இதுதான் நடப்பு. பிலோமினாவும் பிடிவாதமாக ஒரு சிங்களச் சொல் வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் அம்மாவின் தமிழ் இன்னும் தூரம் போய்விடும் என்று பயம்.

பள்ளிக்கூடத்தில் யசோதா டீச்சரிடம் போய்க் கேட்டாள். யாழ்ப்பாணத்துக்காரி, பேராதனையில் படித்தவர்.

"மூளையைப் படிக்க வேணுமெண்டால் விஞ்ஞானம், பிள்ளை. மனசைப் படிக்க வேணுமெண்டால் கலை. உளவியல் அங்கதான் மெய்யியலோட கிடக்கு."

"ரெண்டும் ஒரே ஆளுக்குள்ளதானே டீச்சர் இருக்கு?"

"ஓம். ஆனா பேராதனையில ரெண்டும் வேற வேற கட்டடம்." சிரித்தவர், பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "திங்கட்கிழமை முடிவைச் சொல்லும்."

சனிக்கிழமை பின்னேரம் அப்பா கிளறன்ஸ் மறுபடி தொடங்கினார். தபால் கந்தோரில் கிளாக்கர் அவர்.

"கலை படிச்சு என்ன செய்யப் போற? கண்டி பஸ் ஸ்டாண்டுல நின்னு கவித விக்கப் போறியா?"

பக்கத்து வீட்டு பாயிஸா கைக்குழந்தையோடு வந்து குசினி வாசலில் உட்கார்ந்திருந்தாள். கலவரத்தில் இவர்களைத் தன் வீட்டுப் பின்னறையில் வைத்துக் காப்பாற்றியவள். அந்த உரிமையில் கிளறன்ஸை என்னவும் சொல்லுவாள்.

"நீங்க நாள் முழுக்க முத்திர குத்துற ஆள் கிளறன்ஸ் அண்ணே. கண்டதுக்கெல்லாம் ஒரே குத்து. புள்ளய அவள்ட இஷ்டத்துக்கு உடுங்களே."

"ஒன்னோட பேசி நான் ஜெயிச்சிருக்கேனா?" என்று அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். பாயிஸாவும் குழந்தையை அங்கேயே விட்டு, சீனி எடுத்து வருகிறேன் என்று எழுந்து வீட்டுக்குப் போனாள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் பிலோமினாதான். அவள் கவனம் கலையிலும் விஞ்ஞானத்திலும் கிடந்தது. குழந்தை தவழ்ந்து போய்த் தரையிலிருந்த எண்ணெய் அடுப்பில் கொதிக்கிற கேத்தலுக்குக் கையை நீட்டிவிட்டது.

"தொடாத! சுடும்! சுடும்டி தங்கம்!"

சூசையம்மா பாய்ந்து வந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள். கத்தியது அவள்தான். தமிழில்தான்.

பிலோமினாவுக்குக் குழந்தை மறந்துபோயிற்று.

"அம்மா! பேசிட்டீங்க! இன்னொரு தரம் சொல்லுங்கம்மா. யோசிச்சு சொன்னீங்களா, தானா வந்துச்சா? எங்கேருந்து வந்துச்சு?" என்று அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அந்த டொக்டர் பிடித்த மாதிரியே.

சூசையம்மா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள். குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாக மகளுக்கு விளங்கும்படி சொன்னாள்.

"அது எங்கேயும் போகவில்லை, மகளே. நான்தான் பூட்டி வைத்திருக்கிறேன். திறந்தால் முதலில் அவன் பெயர்தான் வரும். பிறகு அவன் கூப்பிட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். நீ பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்து, அன்றைக்கு மனசில் என்ன நினைத்தாய் என்று என்னைக் கேட்பாய். நான் என்னவென்று சொல்ல?" குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்தாள். "மாவ இகெனகன்ன எபா."

என்னைப் படிக்காதே.

பிலோமினாவுக்கு அழக்கூட வரவில்லை. தொலைந்துபோனது என்று ஒரு வருசமாகத் தேடினாளே, அது அம்மாவின் பல்லுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. அன்று பஸ்ஸில் அம்மாவின் மடியில் அவள் கிடந்ததால்தான் அந்தப் பூட்டே விழுந்தது. அதைத் திறக்கப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து அம்மாவுக்கு முன்னால் நிற்பதா?

திங்கட்கிழமை யசோதா டீச்சர் கேட்டார். "என்ன பிள்ளை, கலையோ, விஞ்ஞானமோ?"

"வர்த்தகம், டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "கணக்கெண்டாலே உமக்குக் காய்ச்சல் வருமே?"

"பழகிக்கிறேன் டீச்சர்."

வீட்டுக்கு வந்தாள். சூசையம்மா தையல் மெஷினில் குனிந்திருந்தாள். பிலோமினா புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு மெஷின் பக்கத்தில் போய் நின்றாள். பாதை முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான். ஆனாலும் நாக்கு மரக்கட்டை மாதிரிக் கிடந்தது.

"அம்மே, மம... வாணிச கத்தா." வர்த்தகம் எடுத்தேன்.

மெஷின் நின்றது. சூசையம்மா மகளை ஏறிட்டுப் பார்த்தாள். மகள் வாயிலிருந்து அந்தப் பாஷையை அவள் கேட்பது அதுதான் முதல் தரம். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"வாணிச இல்லை," என்றாள் சிங்களத்தில், மெதுவாக. "வாணிஜ."

"வாணிஜ."

"ம்."

பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். இருவரும் பேசத் தொடங்கினார்கள். மகள் தப்புத்தப்பாய்ப் பேச, அம்மா திருத்தித் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளறன்ஸ் கந்தோரால் வந்தபோதும் அந்தப் பேச்சு முடியவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார். அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா அவர் பக்கம் திரும்பவில்லை.