கிளஃபீராவின் கும்பிடு

மரவியாபாரி போர்ஃபீரி நீலிச் எங்கள் ஊர்த் தேவாலயத்துக்குத் தர்மகர்த்தா ஆனதும், எதிரே வருகிறவர்கள் தனக்குக் குனிந்து வணங்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். சந்தையில் ரொட்டி விற்கும் கிளஃபீரா ஒருநாள் வணங்கவில்லை. எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். மறுநாள் முதல் அவரைக் கண்டதும் அவள் பனியில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். சந்தையே சிரித்தது.

செய்கையால் தன்னை அவமதித்தாள் என்று போர்ஃபீரி வழக்குப் போட்டார். நீதிபதி அவளுக்கு மூன்று நாள் காவல் விதித்தார். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

அந்த ஊரில் மனு எழுதிப் பிழைப்பவன் நான். அவள் என்னிடம் வந்தாள்.

"இதுக்கு மேல யாருய்யா இருக்கா?"

"பீட்டர்ஸ்பர்க்ல செனட்டுன்னு எல்லாத்துக்கும் மேல ஒரு கோர்ட்டு இருக்கு. நீ கும்பிட்டியா இல்லையான்னு அவங்க கேக்கமாட்டாங்க. சட்டத்துக்கு என்ன அர்த்தம்னு மட்டும் சொல்லுவாங்க."

"அது போதும். கும்பிட்டது நெசந்தானே. எழுது."

எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அவமதிக்கும் எண்ணம் இருந்தது என்று எதைக்கொண்டு முடிவுசெய்தீர்கள் என்று செனட் கேட்டிருந்தது. வணக்கத்தின் ஆழத்தை மட்டும் வைத்து அதை அவமதிப்பு என்று கொள்ள முடியாதாம். தண்டனை ரத்து; வேறு நீதிபதி மறுபடி விசாரிக்க வேண்டும்.

புது நீதிபதி போர்ஃபீரியிடம் கேட்டார். "ஆழம் போக, அந்தக் கும்பிடுல வேற என்ன தப்பு?"

"அவ பண்ற விதமே நக்கலா இருக்கும் ஐயா. சொன்னா புரியாது."

"அப்ப செஞ்சு காட்டுங்க."

கோபத்தில் யோசிக்காமல் போர்ஃபீரி மண்டியிட்டார். கிளஃபீராவுக்கு நேராக, நெற்றி தரைப் பலகையில் இடிக்க, ஒரு முழுக் கும்பிடு.

"எந்திரிங்க போர்ஃபீரி நீலிச்," என்றாள் அவள் சாந்தமாக. "நான் இதை அவமானமா எடுத்துக்கல."

நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். விடுதலை.

அடுத்த ஆண்டு செனட்டின் அந்த உத்தரவு அதன் தீர்ப்புத் தொகுதியில் அச்சானது. எங்கோ தெற்கே ஒரு குமாஸ்தா, மேலதிகாரிக்கு அளவுக்குமீறி மரியாதை காட்டிய வழக்கில் அதைக் காட்டித் தப்பித்தான் என்று கேள்விப்பட்டேன். கிளஃபீராவுக்குப் படிக்கத் தெரியாது. சந்தையில் நின்று வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள்.

"என் ரொட்டியைப் பத்தி ஒண்ணும் போடலையா?"

"இல்லை."

"பெரிய மனுசங்கன்னு பேரு," என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கிளறப் போனாள்.