உள்ளங்கைக்குள் ஒரு நாவல்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு பிடிஎஃப் கோப்பு படுத்திய பாட்டில் பிறந்தது.

‘கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில்...’

இல்லை. நான் கடலருகே இல்லை. தங்கையின் அறையில், திறந்த பெட்டிக்கும் துணிக்குவியலுக்கும் நடுவே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.

தங்கை சரக்குக் கப்பலில் பொறியாளர். மதியம் கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும். அச்சுக்குப் போகவிருந்த என் சிறு நாவலின் நாயகியும் கப்பல் பொறியாளர். (தற்செயல் என்று பதிப்பாளரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம்.) தான் படிக்காமல் அது அச்சேறக் கூடாது என்று தங்கை சொல்லிவிட்டாள். பெட்டியில் காகிதக் கட்டுக்கு இடமில்லை. அவளுடைய குட்டி வாசிப்புக் கருவிதான் வழி.

2
நாவலின் பிடிஎஃப் கோப்பைக் கருவியில் ஏற்றினேன். பெரிய தாளுக்கு அமைத்த பக்கம் சின்னத் திரையில் சுருங்கி, எழுத்துகள் எறும்பு வரிசையாயின. பெரிதாக்கினால் வரிக்கு வரி பக்கத்தை இழுக்க வேண்டும். மின்னூலாக மாற்றும் மென்பொருளிடம் கொடுத்தேன். எழுத்து பெரிதானது, கொம்பெல்லாம் கழன்றது. ‘கொதிகலன்’ ‘ெகாதிகலன்’ ஆயிற்று.

“உன் நாயகிக்கு முளைச்ச கொம்பு தனியா நிக்குதே, அண்ணா” என்றாள்.

(நாயகியை வருணித்து இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். எதிரே உட்கார்ந்து காலுறை சுருட்டுகிறவளை எப்படி...)

பக்கத்தின் வெள்ளை ஓரங்களை வெட்டினேன். எழுத்து கொஞ்சம் வளர்ந்தது, போதவில்லை. அவள் கருவியை வாங்கித் திருப்பினாள். “படுக்க வெச்சுப் பாரு.”

அதேதான்! பக்கத்தை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்தேன். நடுவில் வெட்டுப்படும் வரி இரண்டிலும் வரட்டும் என்று கொஞ்சம் கூடுதலாக விட்டேன். படுத்திருந்த திரையில் வரிகள் முழுசாக, கொம்பும் காலுமாக வந்து நின்றன. என் எழுத்தையே முதன்முதலாகப் பார்ப்பவன்போல் துள்ளினேன். வாசலில் வாடகை வண்டி ஒலியெழுப்பியது.

3
துறைமுகத்துக்குப் போகும் ரயிலிலேயே படித்து முடித்துவிட்டாள். கப்பலேறும் முன் தொலைபேசியில் கூப்பிட்டாள். எஞ்சின் அறையை நன்றாகவே எழுதியிருப்பதாகச் சொன்னாள். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கேட்டாள்:

“கடைசியில அவ ஏன் வேலைய விட்டுட்டு வீட்டுக்கு வர்றா?”

வாசகர்களுக்கு நிம்மதியாக இருக்கும் என்றேன்.

“வாசகர்களுக்கா, உனக்கா?”

மடிக்கணினியில் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

“எஞ்சின் சத்தம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது, அண்ணா. அவளையும் கப்பல்லயே விட்டுடு.”

4
இப்போது என்னிடம் இரண்டு கடைசிப் பக்கங்கள் இருக்கின்றன. ஒன்றில் நாயகி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அதை எழுதியபோது அழுதேன். மற்றதில் கப்பலின் இரும்புப் படிகளில் இறங்கி, கையுறை மாட்டிக்கொண்டு, வீட்டை நினைக்காமலே வேலையைத் தொடங்குகிறாள். அதை எழுதியபோது பேனா என்னைக் கேட்காமல் ஓடியது. நாவலிலேயே உயிருள்ள பக்கம் அதுதான். எனக்குப் பிடிக்காத பக்கமும் அதுதான்.

பதிப்பாளர் தொலைபேசியில் காத்திருக்கிறார். ‘எந்தப் பக்கம் என்றால்...’ என்று தொடங்கி நிறுத்துகிறேன்.

நீங்கள் சொல்லுங்கள். உங்கள் தங்கையாக இருந்தால் எதை அனுப்புவீர்கள்?